எத்தனை சிசி என்று என்னைக் கேட்காதீர்கள், டாக்டரை அளக்கச் சொல்லுங்கள்

நான் மார்பில் இம்ப்ளான்ட், அதாவது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் சிலிக்கோன் ஜெல் பை, வைத்துக்கொண்ட விஷயம் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்த சில பெண்கள் தனியாகப் போன் பண்ணி, சுற்றி வளைத்து, கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "அக்கா, நீங்க எத்தனை சிசி வெச்சீங்க?"

சொல்வதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. வலதில் 250, இடதில் 275. ஆனால் இந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு நீங்கள் ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் உங்களுக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, சில சமயம் கெடுதல்கூட வரலாம், ஏனென்றால் இது என் நெஞ்சின் அகலத்துக்கும் என் தோலின் தன்மைக்கும் வந்த எண். அதனால் எண்ணை விட்டுவிட்டு, அந்த எண் எப்படி வந்தது என்பதை எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். தமிழில் இதைப்பற்றித் தேடினால் ஒன்று விளம்பரம் வருகிறது, இல்லையென்றால் திட்டு வருகிறது.

எதற்கு வைத்துக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்களாக மறக்கும்வரை பால் கொடுத்தேன். சின்னவன் பால் மறந்த பிறகு மார்பின் மேல்பகுதி அப்படியே வற்றி உள்வாங்கிவிட்டது. ஜாக்கெட் தைக்கும் அக்கா முன்பக்கத்து டார்ட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்துப் பார்த்தும் துணி காற்றில் நின்றது. இது நோய் இல்லை, யாருக்கும் கடமையும் இல்லை, எனக்கு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது "நீ இப்படியே இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா உனக்கு வேணும்னா கூட வர்றேன்" என்றார். மாமியார் மட்டும் "உடம்புக்கு ஒண்ணுமில்லாத நேரத்துல எதுக்கு கண்ணு கத்தி வெக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு உங்களிடம் உங்கள் சொந்தப் பதில் இருக்க வேண்டும். புருஷன் சொன்னார், தோழி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் பதில் ஆகாது. மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் இது.

சரி, சிசி விஷயத்துக்கு வருவோம்.

சிசி என்பது கொள்ளளவு, ஒரு சிசி என்றால் ஒரு மில்லி. நாம் எல்லோரும் யோசிப்பது பிரா கப் கணக்கில். "பி-யில இருக்கேன், சி ஆகணும்" என்போம். கப் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது. அதுமட்டுமில்லை, சுற்றளவு மாறினால் கப்பின் கொள்ளளவும் மாறும், 34 சி-யும் 36 பி-யும் பிடிக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எந்த நல்ல சர்ஜனும் "உங்களை சி கப் ஆக்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். தோள் விரிந்த உயரமான பெண்ணுக்கு 300 சிசி வைத்தால் வைத்தது தெரியாமல் போகலாம், ஒடுங்கிய நெஞ்சுள்ள பெண்ணுக்கு அதே 300 பளிச்சென்று தெரியும். இணையத்தில் ஆபரேஷனுக்கு முன், பின் என்று போடும் படங்களை எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், உங்கள் உடல்வாகு உள்ளவரின் படமா என்று பாருங்கள். அப்படிப்பட்ட சில படங்களை டாக்டரிடம் காட்டுவது நல்லதுதான், "எனக்கு இயற்கையாக இருக்க வேண்டும்" என்று வாயால் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். என் இயற்கையும் உங்கள் இயற்கையும் ஒன்றாக இருக்காது.

நான் முதலில் போன இடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கவுன்சிலர் உட்கார வைத்துப் பேசினார். மேசையில் லேமினேட் பண்ணிய விலைப்பட்டியல். "எல்லாரும் 350 போட்டுக்கறாங்க மேடம், அதுதான் இப்ப போகுது" என்றார். அப்புறம் டாக்டர் வந்தார், சுடிதாருக்கு மேலேயே ஒரு பார்வை பார்த்தார், 350 சரியாக இருக்கும் என்றார். அளவு நாடாவைக்கூடக் கையில் எடுக்கவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கே கைச்சுற்று, தோள், கழுத்து என்று எழுதிக்கொள்கிறார்கள், உடம்புக்குள் வைக்கப்போவதற்கு ஒரு பார்வை போதுமா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்தது கோவையில் ஒரு பெண் பிளாஸ்டிக் சர்ஜனை. எங்களுக்குப் பாலக்காடும் பக்கம்தான், ஆனால் எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டிவிட்டால் கோவை, அம்மா வீட்டு ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், ஆபரேஷன் முடிந்து படுக்க ஒரு இடம் வேண்டுமே. போவதற்கு முன் அவர் படிப்பைப் பார்த்துக்கொண்டேன். பொது அறுவை முடித்து அதற்குமேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்க வேண்டும். காஸ்மெட்டிக் என்று போர்டில் எழுதியிருப்பதெல்லாம் படிப்பு ஆகாது.

அவர் அளந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இது நடக்கவில்லை என்றால் நீங்கள் கேட்டு நடக்க வைக்க வேண்டும். நர்ஸ் கூட நின்றார். மேலாடை இல்லாமல் நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்க விடச் சொன்னார். ஊதா மார்க்கரால் தொண்டைக்குழியில் ஒரு புள்ளி, நெஞ்செலும்பில் நடுக்கோடு, மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பில் ஒரு கோடு. தொண்டைக்குழியிலிருந்து காம்பு வரை இரண்டு பக்கமும் நாடா பிடித்தார். அப்புறம் இரண்டு முனைக்கு நடுவில் அகலம் பார்க்கும் காலிபர் என்ற கருவியை எடுத்து, மார்பின் உள்விளிம்பிலிருந்து அக்குள் பக்கத்து விளிம்பு வரை அகலம் பார்த்தார். பேஸ் விட்த் என்பது இதுதான், எனக்கு 12 செ.மீ. வந்தது. மார்பின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அந்தத் தடிமனை அளந்தார், 2 செ.மீ.-கூட இல்லை. காம்பைச் சுற்றியுள்ள தோலை முன்னால் இழுத்து அது எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். கடைசியாக, தோலை இழுத்துப் பிடித்தபடியே காம்பிலிருந்து அடி மடிப்பு வரை ஒரு அளவு. ஒவ்வொன்றையும் அவர் சத்தமாகச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டார். வலியும் இல்லை, அதிக நேரமும் ஆகவில்லை. டல்லாஸில் இருந்த ஜான் டெபெட்ஸ் என்ற சர்ஜன் 2005-ல் இப்படி ஐந்து அளவுகளை வைத்து ஐந்து முடிவுகளை எடுக்கும் முறையை வெளியிட்டார் என்று பிறகு படித்தேன். இது ஒன்றும் புதுசு இல்லை, செய்ய மனசிருந்தால் எந்த சர்ஜனும் செய்யலாம்.

அளந்து முடித்துச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது: "உங்க உடம்பே பாதி முடிவு பண்ணிடுச்சுங்க. மிச்சம் பாதியைத்தான் நாம ரெண்டு பேரும் பேசணும்."

அகலம் 12 என்றால் இம்ப்ளான்டின் அகலம் அதைத் தாண்டக் கூடாது, என் சொந்தச் சதைக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் குறைவாகவே இருக்க வேண்டும். மேல்பகுதி மெலிந்திருப்பதால் தசைக்கு மேலே வைத்தால் விளிம்பு தெரியும், தொட்டால் தட்டுப்படும், அதனால் மேல்பாதியாவது தசைக்கு அடியில் போக வேண்டும். காம்பு இன்னும் அடி மடிப்புக்கு மேலேயே இருப்பதால் இம்ப்ளான்ட் மட்டும் போதும். மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் தூக்கிக் கட்டும் அறுவையும் சேர்ந்து வேண்டியிருக்கும், பெரிய இம்ப்ளான்ட் வைத்தால் தானாகத் தூக்கிக்கொள்ளும் என்று நினைப்பது தப்புக்கணக்கு, பாரம் கூடித் தோல் இன்னும் இறங்கும். இதையெல்லாம் வைத்து எனக்கு அவர் கொடுத்த வரம்பு 225-லிருந்து 300 வரை.

அப்புறம் புரொஃபைல் என்று ஒன்று. ஒரே கொள்ளளவில் அகலமாகப் பரந்ததும் இருக்கிறது, அகலம் குறைந்து முன்னால் எழும்பியதும் இருக்கிறது. ஒரே கரண்டி மாவைத் தோசையாகவும் ஊற்றலாம், இட்லியாகவும் ஊற்றலாம் இல்லையா, அந்தக் கணக்குதான். லோ, மாடரேட், ஹை என்று கம்பெனிகள் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரு கம்பெனியின் மாடரேட் இன்னொரு கம்பெனியில் வேறாக இருக்கும். எனவே சிசி எண்ணை மட்டும் கேட்டு வருவது அரைகுறைத் தகவல், அகலமும் முன்னெழும்பலும் சேர்த்துக் கேளுங்கள்.

"350 வைக்கவே முடியாதா டாக்டர்?" என்று கேட்டுப் பார்த்தேன். முதல் இடத்தில் காதில் விழுந்த எண் அவ்வளவு சுலபமாகப் போகாது. அவர் முகம் சுளிக்கவில்லை. "வெக்கலாங்க. உள்ள போகும். ஆனா உங்க தோலு அதை எத்தனை வருஷம் தாங்கும்னு பாக்கணும்" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அகலம் மீறினால் அக்குள் பக்கம் கை இடிக்கும், நடுப்பக்கம் இரண்டும் நெருங்கி ஒட்டிப்போகலாம். பாரத்தில் அடி மடிப்பு இறங்கி, இம்ப்ளான்ட் கீழே போய்க் காம்பு மேலே பார்க்கும். தோல் மெலிந்து சுருக்கச் சுருக்கமாக அலை தெரியும். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கடைசியாகச் சொன்னதுதான்: பெரிய இம்ப்ளான்ட் உள்ளிருந்து அழுத்தி அழுத்திச் சொந்தச் சதையை மெலியச் செய்துவிட்டால், பிறகு இம்ப்ளான்டை எடுத்தாலும் அந்தச் சதை திரும்ப வராது. பால் கொடுத்து மிச்சமிருந்ததே கொஞ்சம். அதையும் ஏன் இழக்க வேண்டும்?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் அவரே சொன்னார். ஆறிய பிறகு நிறையப் பேர் "இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாமே" என்றுதான் வருவார்களாம், அளவை மாற்றவே மறுபடி ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் உண்டாம். அதனால் பயந்து ஒரேயடியாகச் சின்னதும் வேண்டாம், உங்கள் வரம்புக்குள் உங்களுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்றார்.

அதைக் கண்டுபிடிக்க அங்கேயே சைஸர் கொடுத்தார்கள், பிராவுக்குள் வைத்துப் பார்க்கும் மாதிரி. பஞ்சு இல்லாத பிரா, ஒட்டினாற்போல ஒரு டி-சர்ட் எடுத்துக்கொண்டு போங்கள், தொளதொளச் சுடிதாரில் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமும் காட்டினார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது உத்தரவாதம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு உண்மையில் உதவியது அரிசிதான். மெல்லிய நைலான் சாக்ஸில் அரிசியை அளந்து போட்டுக் கட்டி, வட்டமாகத் தட்டி, பிராவுக்குள் வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டு ஆழாக்கு 168 மில்லி, ஒன்றரை ஆழாக்கு போட்டால் 250 ஆச்சு, கிட்டத்தட்ட இரண்டு போட்டால் 325. அதை வைத்துக்கொண்டு வாசல் கூட்டினேன், துணி துவைத்தேன், மேலே துப்பட்டா போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வரை ஸ்கூட்டரில் போய் வந்தேன், எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் துணி உடம்போடு ஒட்டும்போது எப்படி இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு ஆழாக்கில் குனியும்போதெல்லாம் எனக்கே நான் இடைஞ்சலாக இருந்தேன். ஒன்றரையில் மத்தியானம் ஆனபோது வைத்திருப்பதே மறந்துவிட்டது. அங்கேயே முடிவாகிவிட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அரிசி அளவைக் காட்டும், பாரத்தைச் சரியாகக் காட்டாது. 250 மில்லி அரிசி 200 கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், சிலிக்கோன் ஜெல் அநேகமாகத் தண்ணீர் எடை, 250 சிசி என்றால் கால் கிலோ, இரண்டு பக்கமும் சேர்த்து அரைக் கிலோ. இரண்டாவது, பிராவுக்குள் உடம்புக்கு வெளியே வைப்பதும் தசைக்கு அடியில் வைப்பதும் ஒன்றல்ல, உள்ளே போனால் கொஞ்சம் அமுங்கித் தெரியும். இதற்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

இடதுக்கு மட்டும் ஏன் 275 என்றால், எனக்கு இடது பக்கம் முதலிலிருந்தே கொஞ்சம் சின்னது. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. அளக்கும்போதே டாக்டர் கண்ணாடி முன்னால் நிறுத்தி அதைக் காட்டிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகும் நூற்றுக்கு நூறு சமமாக வராது, ஆனால் முன்னாலேயே பார்த்துவிட்டால் பிறகு கண்ணாடியில் அதையே தேடிக்கொண்டிருக்க மாட்டோம்.

அளவோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று, இது எத்தனை வருஷத்துக்கு என்பது. ஆயுள் முழுக்க இருக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அழகுக்காக வைத்துக்கொள்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வருகிறது என்று மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது. இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு உறை கட்டும், சிலருக்கு அது இறுகிக் கல்லாகி வலிக்கும், அதற்குக் காப்ஸ்யூலர் கான்ட்ராக்சர் என்று பெயர். இம்ப்ளான்ட் உள்ளேயே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றோடு ஒரு அபூர்வமான நிணநீர்ப் புற்று, ஏ.எல்.சி.எல்., சேர்ந்து வருவது தெரிந்து, 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனியின் பயோசெல் வகையைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு வைத்தது வழவழப்பான வகை, அதைக் கேட்டே முடிவு செய்தேன். 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கியது, நோயாளியும் டாக்டரும் ஒவ்வொரு அபாயத்தையும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இல்லைதான், ஆனால் அதைத் தரவிறக்கிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் வைத்துக் கேட்க யாரும் தடை சொல்ல முடியாது. நான் கேட்டேன், அவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னார்.

முதல் சிலிக்கோன் இம்ப்ளான்ட் 1962-ல் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. பச்சை குத்தியதை அழிக்க ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர், டாக்டர்கள்தான் இதை எடுத்துச் சொல்லி வைத்துவிட்டார்கள். அறுபது வருஷம் தாண்டியும் இன்னும் சில இடங்களில் வேறெதற்கோ போகும் பெண்ணிடம் இதை எடுத்து நீட்டுகிறார்கள் என்று கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்டுப் போகிறவளாக இருங்கள், பிடித்துக் கொடுக்கப்படுகிறவளாக இருக்காதீர்கள்.

ஆபரேஷனைப்பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மயக்கம், மடிப்புக்கு அடியில் சின்ன வெட்டு. முதல் சில நாள் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த இறுக்கம். அளவு சம்பந்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று மட்டும்: கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலே ஏறி, வீங்கி, சதுரமாக, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, இம்ப்ளான்ட் இறங்கி உட்கார மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஆறு மாதம். அதற்கு முன் "பெருசாப் போச்சு", "சின்னதாப் போச்சு" என்று தீர்ப்பு எழுத வேண்டாம், புது பிராவும் வாங்க வேண்டாம். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, சிலிண்டர் நகர்த்தக் கூடாது, சின்னப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. இதற்கு ஆள் ஏற்பாடு பண்ணாமல் தேதி குறிக்காதீர்கள். எனக்கு அம்மாவும் நாத்தனாரும் மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

பணம். இன்ஷூரன்ஸ் வராது. எஸ்டிமேட் வாங்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள், அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக்குறை, வளர்ச்சிக்குறை, விபத்துக் காயம் இவற்றைச் சரிசெய்யும் அறுவை என்றால் விலக்கு இருக்கிறது, ஒரு பக்கம் வளராமலே இருக்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம், ஆஸ்பத்திரி பில்லில் அதைச் சரியாக எழுதச் சொல்ல வேண்டும். இம்ப்ளான்டின் விலை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர், மயக்க டாக்டர் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், சில வருஷம் கழித்து மாற்றவோ எடுக்கவோ இன்னொரு முறை இந்தச் செலவு வரலாம் என்று மனதில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தால், இப்போதைக்குத் தள்ளிப்போடுவது நல்லது என்பேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கார்டு கொடுப்பார்கள், கேட்காவிட்டால் சில இடத்தில் கொடுக்க மறந்தும் போவார்கள். கம்பெனி, வகை, சிசி, சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஒரு வகையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் உங்கள் உடம்பில் இருப்பது எது என்று சொல்ல அந்தக் கார்டு ஒன்றுதான் சாட்சி. என்னுடையதைப் பத்திரங்களோடு பீரோவில் வைத்து, போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன். சிலிக்கோன் வைத்தவர்கள் 5 அல்லது 6 வருஷத்தில் முதல் ஸ்கேன், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.-யோ, அதற்குப் பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறார்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது உள்ளே இம்ப்ளான்ட் இருக்கிறது என்று டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், அதை நகர்த்தி வைத்துப் படம் எடுக்க வேறு முறை இருக்கிறது. கேட்க வெட்கப்படுகிறவர்கள் எனக்கே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எத்தனை சிசி என்பதை மட்டும் உங்கள் டாக்டர் அளந்து சொல்லட்டும்.